கல்லில் மிஞ்சிய இடம்

1

இந்தக் கதையை எழுத நான் ஆசைப்படவில்லை. சுகாதார வாரம் வருகிறது, காய்ச்சல் பரப்பும் நுளம்பை வைத்து ஒரு கதை வேண்டும், படித்த கையோடு சனம் எழும்பி வளவில் தண்ணீர் தேங்கிய சிரட்டையையெல்லாம் கவிழ்க்கவேண்டும் என்று பத்திராதிபர் கேட்டார். நுளம்பை வைத்து எவன் கதை எழுதுவான்? ஆனால் அந்த வாரமே சனிற்றரி இன்ஸ்பெக்டர் கிறகோரி என் வீட்டுக்கு வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அருளம்பலத்தாரின் தண்ணீர்த் தொட்டியை ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். கதை தானாக வந்து மடியில் விழுந்ததே என்று மகிழ்ந்தேன். மகிழ்ந்திருக்கக்கூடாது. ஏனென்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை மதிக்கமாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: "1937ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை, பெரியகடைத் தெருவிலே பொன்வெயில் —"

(அடித்துவிட்டேன். பெரியகடையில் பொன்வெயில் விழுந்ததை நான் கண்டதில்லை. புழுதியும் கருவாட்டு மணமும்தான் கண்டிருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "நுளம்பானது ஆறு கால்களையும் —"

(இது நான் பகலில் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது. சம்பளமில்லாமல் இங்கேயும் வேண்டாம்.)

சரி, தொட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

பட்டினத்தில் புகையிலைக் கடை வைத்திருந்த அருளம்பலத்தாருக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவள் நல்லம்மா. நாலு வருடத்துக்கு முன், எட்டு மாதப் பிள்ளை வயிற்றில் இருக்க, மலேரியா என்னும் நடுக்கற் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். வயிற்றுச் சுமையோடு போன பெண்ணுக்குத் தெருவோரத்தில் ஒரு சுமைதாங்கி கட்டுவது நம்மவர் வழக்கம். அருளம்பலத்தார் அதோடு நிற்கவில்லை. மாடு உடம்பு தேய்க்க ஒரு ஆவுரோஞ்சிக் கல், குடிக்க ஒரு பெரிய தொட்டி என்று கடை வாசலையே மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போது சந்தைக்கு வண்டில்கள் வரிசையாக வந்தன. மாடுகள் பகலுக்குள் தொட்டியைக் காலி செய்துவிடும். பிறகு லொறி வந்தது. லொறி தொட்டியில் வாய் வைப்பதில்லை. தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீரின்மேல் அருளம்பலத்தார் காலைதோறும் தம் கையால் ஒரு வாளி வார்த்து விளிம்புவரை நிறைத்துவந்தார். நாலு வருடத்தில் ஒருநாளும் அடித்துளையின் கட்டையைப் பிடுங்கி அதைக் கழுவவில்லை. தொட்டியின் முகப்புக் கல்லில் அப்படித்தான் வெட்டியிருந்தது: நல்லம்மா நினைவாக. இத்தொட்டி என்றும் வற்றாதிருக்க.*

(நல்லம்மாவும் காய்ச்சலிலா செத்தாள், பொருத்தம் கொஞ்சம் அதிகம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் அதே கூச்சம்தான். முதற் பிரதியில் அவளைப் பாம்பு கடிக்கவிட்டேன். கிறகோரி வாசித்துவிட்டு, ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இரண்டு தரம் சாகடிக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டார். பாம்பை எடுத்துவிட்டேன்.)

இப்போது இளையவள் கமலாவதிக்கு ஏழாம் மாதம். புருஷன் மலாயாவில் ரயில்வே வேலையில் இருக்கிறான். இவள் தகப்பன் வீட்டில், கடைக்கு மேலே மாடியில் இருக்கிறாள். அவளுடைய யன்னல் தொட்டிக்கு நேர் மேலே. இரண்டு தரம் காய்ச்சல் வந்து போய்விட்டது. மூன்றாவதை உடம்பு தாங்காது என்று மானிப்பாய் டாக்குத்தர் சொல்லிவிட்டார். காய்ச்சலுக்குரிய கொயினாக் குளிசை கொடுத்தால் பிள்ளை விழுந்துவிடும் என்று வீட்டார் அதைத் தொடவும் விடவில்லை.

* இந்த வரியைப் பற்றிப் பிறகு.

3

கிறகோரிக்குத் தொட்டியைக் கண்டாலே நெற்றி சுருங்கும். 1935இல் தெற்கே மலேரியா வாரிக்கொண்டு போனபோது அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அடுப்பு மூட்ட ஆளில்லாத வீடுகளைக் கண்டு வந்தவருக்கு, ஒரு தொட்டியைக் கவிழ்க்க இத்தனை பேரிடம் கெஞ்சவேண்டியிருப்பது பொறுக்கவில்லை. தெரு ஒரு அரசாங்கக் கந்தோருக்குச் சொந்தம், ஓரம் இன்னொரு கந்தோருக்கு. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கேட்டார். எந்தக் கந்தோரும் பதில் போடவில்லை.

முதலில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மிச்சமிருந்த வண்டில் மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையை உதறின. வண்டிற்காரர் கிறகோரியின் தாய்வழி தந்தைவழி எல்லாவற்றையும் விசாரித்தார்கள். அருளம்பலத்தார் எண்ணெயை மேலாக வழித்தெடுத்துவிட்டு இரண்டு வாளி கூடுதலாக வார்த்தார்.

அடுத்தது மீன். நுளம்புப் புழுவைத் தின்னும் சின்ன மீன்களைத் தகரத்தில் கொண்டுவந்து விட்டபோது, மரக்கறி மட்டும் உண்ணும் அருளம்பலத்தார் முகம் கறுப்பார் என்றுதான் கிறகோரி பயந்தார். அவரோ உருகிப்போனார். மகளின் தண்ணீரில் மீன் துள்ளுகிறது என்று ஒரு கடகம் பொரி வாங்கி வைத்தார். கோயிற் கேணியில் பொரி போட்டுப் பழகிய சனம் சந்தைக்கு வரும்போதும் போகும்போதும் அள்ளி எறிந்தது. வயிறு முட்டிய மீன் புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஊறிய பொரியில் தண்ணீர் புளித்து, வெள்ளிக்கிழமை மீனெல்லாம் மல்லாந்து கிடந்தன. நுளம்புப் புழு மட்டும் சௌக்கியமாக நெளிந்தது.

கடைசியில் ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரை அள்ளி, நெளிகிறதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கமலாவதிக்குக் காய்ச்சல் கொண்டுவருவது இதுதான் என்றார். அருளம்பலத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அவளின்ரை தண்ணியிலை நாலு சீவன் பிழைக்குது, தம்பி," என்றார். "அதையும் நான் கொல்லவேணுமோ?"

கிறகோரி போத்தலை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

(பத்திராதிபருக்கு இந்த இடம் பிடிக்காது. தொட்டிக்காரர் மூடராக இருக்கவேண்டும் என்பார். அவர் மூடராக இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம்.)

4

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. மழை கொட்டித் தொட்டி நிரம்பி வழிந்து, புழுவெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது.

ஆ. கமலாவதி இறந்துபோகிறாள். தகப்பன் அலறிக்கொண்டு வந்து இரும்பு அலவாங்கால் தொட்டியை உடைக்கிறார்.

இ. லொறி ஒன்று பின்னுக்கு வந்து தொட்டியில் —

கிறகோரி செவ்வாய்க்கிழமை வந்து தாள்களை வாசித்தார். மழை பெய்தால் பட்டினத்துச் சிரட்டையெல்லாம் தொட்டியாகும் என்று முதலாவதைத் தள்ளினார். அந்தத் தெரு லொறிக்காரர் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று மூன்றாவதையும் தள்ளினார். இரண்டாவதை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"அவள் உயிரோடை இருக்கிறாள், மாஸ்டர். காலமையும் கண்டனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்திராதிபருக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய முடிவு அதுதான். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அவர் போத்தலை என் மேசையில் வைத்தார். புழு தடித்துவிட்டதாம், தொட்டியிலுள்ளதும் சனிக்கிழமை பொழுதுபட நுளம்பாகிப் பறக்குமாம். பிறகு எரிச்சலோடு சொன்னார்: "நானெண்டால் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். சைவக்காரற்றை கல்லிலை கை வைச்சால் ஊர் இரண்டாகும். உந்த வரியை எழுதினவன் ஆரெண்டு தெரிஞ்சால் கூட்டிக்கொண்டு வந்து தொட்டியடியிலை இருத்துவன்."

5

எழுதினவன் நான்.

கல்லில் பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் மிஞ்சுகிறது, பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று அருளம்பலத்தார் என்னிடம் வந்தார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் யோசித்து, சத்தம் நன்றாக விழுந்த ஒரு வரியை ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வேலையில்லாவிட்டாலும் அந்தத் தெருவால் போவேன், அதை ஒருதரம் வாசிக்க. அத்தனை பெருமை.

என் கதையைப் படித்து ஒருவர்கூட ஒரு சிரட்டையைக் கவிழ்த்ததில்லை. இந்த ஒரு வரியை ஒரு மனிதர் நாலு வருடமாக நம்பி, அதன்படி நடக்கிறார். எழுதுகிறவன் வேறென்ன கேட்பான்? அதைப் போய்ச் சொல்லப் பயந்துதான் மூன்று முடிவுகளும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கிறகோரியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "எழும்புங்கோ," என்றார்.

6

இடம் மிஞ்சியதால் எழுதிய வரி அது, அதில் நேர்த்திக்கடனோ சாத்திரமோ ஒன்றுமில்லை என்று அருளம்பலத்தாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் புகையிலைக் கட்டைத் தள்ளி வைத்தார்.

"இடம் மிச்சமெண்டோ எழுதினீர், வாத்தியார்? நான் விடிய எழும்பி அதை வாசிச்சுப்போட்டுத்தான் வாளியைத் தூக்கிறனான்."

அந்தக் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடியில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது, வேறு வரி எழுதித் தரும்படி கேட்டார். அது மகளுக்கென்று இருக்கவேண்டும். கந்தோர் நோட்டீஸ் மாதிரி இருந்தால் உளியைத் தொடவிடமாட்டாராம்.

அங்கேயே இருந்து எழுதினேன்.

"வாரம் ஒருமுறை கழுவி —" (நோட்டீஸ்.)

"நாளும் புதுப்புனலாய்ப் பொங்கி —" (எனக்கே குமட்டுகிறது.)

கமலாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. நாங்கள் கதைத்ததெல்லாம் மேலே கேட்டிருக்கிறது.

"அக்கா ஒருநாளும் நேத்தையான் தண்ணி குடிச்சதில்லை," என்றாள். "குடத்தைக் கவிட்டு ஊத்திப்போட்டுத்தான் புதிசு அள்ளுவா. மறந்துபோனியளே, அப்பு?"

நான் அதை எழுதினேன்: நல்லம்மா நேற்றைய தண்ணீர் குடிப்பதில்லை. முன்னால் 'அமுதம்' என்று ஒரு சொல் சேர்க்கக் கை போனது. கிறகோரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கல்லுக்கொத்தி நேற்று வெட்டி முடித்தார். பழைய வரியை அழிக்க முடியவில்லை, ஆழமாக வெட்டியிருந்தது. அதனால் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன, மேலே என்னுடையது, கீழே கமலாவதியுடையது.

இன்று விடிய நானும் கிறகோரியும் எதிர்க்கடை வாசலில் நிற்கிறோம். அருளம்பலத்தார் நிறைந்த வாளியோடு வந்து கல்லின்முன் நின்று வாசிக்கிறார். மேலே இருப்பதைக் கேட்டால் வாளியைத் தொட்டியில் வார்க்கவேண்டும். கீழே இருப்பதைக் கேட்டால், முதலில் குனிந்து அடித்துளையின் கட்டையைப் பிடுங்கவேண்டும். கமலாவதி யன்னலில் நின்று பார்க்கிறாள், கை வயிற்றின்மேல் இருக்கிறது.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். இந்த மனிதர் என் எழுத்தை நம்பியது போதும். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள், ஆனால் என்னைப்போல் மூன்று விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு இராதீர்கள். இன்று சனிக்கிழமை.