பூட்டக்காவின் மூன்றாவது தாண்டல்

தண்ணீர்ப் புட்டியைக்கூடப் பைக்குள் வைத்துப் பூட்டுபவள் என்பதால், நீளம் தாண்டும் பெண்கள் அனைவரும் அவளைப் பூட்டக்கா என்றே அழைத்தனர். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். சென்ற ஆண்டு இறுதிப் போட்டியில் அவளுடைய ஆணிக்காலணியில் ஓர் ஆணி கழன்று விழுந்தது. கைக்கு எட்டிய பதக்கம் வாய்க்கு எட்டவில்லை. ஆணி தானாகவா கழலும்? கழற்றிய கை வெட்டுக்கிளியின் கைதான் என்று அவள் அன்றே தீர்ப்பெழுதிவிட்டாள்.

வெட்டுக்கிளி, விடுதியில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த இளையவள். அணியில் இருந்தது ஓரிடம். அதற்கு இருவரும் போட்டி.

பள்ளி மணற்குழியில் தொடங்கியது பூட்டக்காவின் வாழ்க்கை. தாண்டியதால் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. தாண்டுவதற்காகவே திருமணம் தள்ளிப்போனது. அம்மாவின் வசவு மட்டும் தள்ளிப்போகவில்லை. இன்றைய தேர்வுப் போட்டியில் தேறாவிட்டால் வயதை முன்னிட்டு இனி அழைக்கமாட்டோம் என்று தேர்வுக் குழுவினர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டனர். தாண்டுவது காலா, வயதா என்று அவர்களைத் திருப்பிக் கேட்க அங்கே ஒருவருக்கும் நாக்கில்லை.

ஆகவே, மைதானத்தில் நுழைந்ததும் ஆணிக்காலணியை மாட்டியவள், யாரும் தொட்டுவிடக்கூடாதென்று அதைக் கழற்றவே இல்லை. ஓட்டம் தொடங்கும் இடத்தை மற்றவர்கள் அளவு நாடாவால் அளந்தனர். பிறர் பிடிக்கும் நாடாவை நம்பாத அவளோ, வழக்கம்போல் மிதித்துத் தாண்டும் பலகையிலிருந்து குதிகாலும் விரலும் தொடத் தொட அடியடியாக அளந்து, ஓடுபாதையோரம் மஞ்சள் ஒட்டுநாடாவைக் குறியாக ஒட்டினாள்.

முதல் தாண்டலில் கால் பலகைக்கு அப்பால் விழுந்தது. சிவப்புக் கொடி. இரண்டாவதிலும் அதே கொடி. மூன்றாவதும் தவறினால் போட்டியைவிட்டே வெளியேறவேண்டும்.

குறியை எவளோ நகர்த்திவிட்டாள் என்று நடுவரிடம் முறையிட்டாள். ஒருவரும் அங்கே குனியவில்லை என்றார் அவர். கொடியையே பார்ப்பவர் குறியை எங்கே பார்த்தார் என்று நினைத்துக்கொண்டு, நேரே வெட்டுக்கிளியிடம் போய் நின்றாள்.

“என் குறியைத் தொட்டியா?”

“தொட்டா ஷாக் அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்க்கா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். வெட்டுக்கிளி சிரிக்காமல் அவள் காலைப் பார்த்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டா அளந்தீங்க? எப்பவும் அந்தப் பழைய தடிச்ச ஷூவுலதானே அளப்பீங்க? ஸ்பைக் அதைவிடச் சின்னதுக்கா. இதுல அதே எண்ணிக்கை அடி வச்சா, குறி பலகைகிட்ட வந்துடாதா?”

பூட்டக்கா குனிந்து தன் காலணியைப் பார்த்தாள்.

“பயிற்சியில தினமும் என் நீலக் குறிக்கு ரெண்டு முழம் பின்னால இருக்கும் உங்களுது. இன்னிக்கு முன்னால கிடக்கு. பாருங்க.”

பார்த்தாள், முன்னால்தான் கிடந்தது. ஆனால், அந்த நீலக் குறியையே இவள் தள்ளி ஒட்டியிருந்தால்? தான் தோற்றால் யாருக்கு லாபம்? பழைய காலணியை மாட்டி மறுபடியும் அளக்க நேரமில்லை. அவளுடைய எண்ணை அழைத்துவிட்டனர். நம்பினாலும் கெடுதி, நம்பாவிட்டாலும் கெடுதி என்று ஒரு கணம் நின்றாள். பிறகு மஞ்சள் நாடாவைப் பிய்த்து, நீலத்துக்கு இரண்டு முழம் பின்னால் ஒட்டினாள்.

ஓடினாள். பலகை காலுக்கடியில் வந்து நின்றது. மணலில் விழுந்ததும் அவள் தூரத்தைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தாள். வெள்ளை. போட்டியில் நீடிக்க அந்தத் தூரம் போதுமானதாக இருந்தது.

மணலைத் தட்டிக்கொண்டு வந்தவளிடம் வெட்டுக்கிளி மெல்லச் சொன்னாள்: “அந்த ஆணியையும் நான் கழட்டலைக்கா.”

பூட்டக்கா கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி நீட்டினாள்.

“தாகமா இருக்கு. தண்ணி எடுத்துட்டு வா.”

புட்டியோடு வந்த வெட்டுக்கிளி, அவள் கண்ணெதிரே முதலில் தானே ஒரு மடக்குக் குடித்தாள்.

“உயிரோடதான் இருக்கேன். இப்போ குடிங்க.”

புட்டியின் வாயைத் துடைக்காமலே பூட்டக்கா வாங்கிக் குடித்தாள்.