நகத்துக்குத் தந்த மாத்திரை

…காப்பி மட்டும் குடிக்கலாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும், சர்க்கரைகூட வேண்டாம், கசக்கக் கசக்கக் குடித்திருப்பாள், ஆனால் வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான் என்று சீட்டில் சிவப்பு மையால் இரண்டு கோடு வேறு இழுத்து வைத்திருக்கிறார்கள், இந்தச் சந்தியாகோ நகரத்தில் காலை ஏழு மணிக்குக் காப்பி இல்லாமல் உட்கார்ந்திருப்பவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று பொருமினாள் யொகாஸ்தா, பார்த்தால் அந்த இரத்தப் பரிசோதனைக் கூடம் முழுக்க அவளைப்போலவே முப்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு… கையிலிருந்த டோக்கனில் முப்பத்தொன்று, பலகையில் இருபத்துநான்கு. தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த ஒரு காலைக்காக இரண்டு மாதம் காத்திருந்தாள், மாதவிலக்கான மூன்றாம் நாள் எடுத்தால்தான் சரியாகத் தெரியும் என்றாள் தோல் டாக்டர், சின்னப் பெண், தலை நிறைய முடி, நாற்பத்தாறு வயதில் அது என்ன தபால்காரனா, தினம் வந்து கதவைத் தட்ட, அதற்கு மனம் வந்தபோது வருகிறது. "முடி கொட்டுறதுக்கு மாத்திரை இப்பவே எழுதித் தரலாம்மா, ஆனா அது ஹார்மோனோட வேலையத் தடுக்குற மாத்திரை. அது உள்ள போறதுக்கு முன்னாடி உங்க ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு பாத்து வெச்சுக்கணும். அப்புறம் பாத்தா எது உங்களோடது, எது மாத்திரையோடதுன்னு பிரிக்க முடியாது" என்றாள். இன்னொன்றும் சொன்னாள், அதுதான் இரண்டு மாதமாக உள்ளே குடைந்துகொண்டிருக்கிறது, ஹார்மோன் கூடியிருந்தா அதுதான் காரணம், இல்லன்னா தலைக்கு இத்தன வருஷம் என்னென்ன போட்டீங்கன்னு பாக்கணும். தலைக்கு என்ன போட்டாள்? முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் நெரெய்தா போட்டதைத்தான் போட்டாள். அப்படியானால் இந்த ஊசி சொல்லப்போவது ஒன்றே ஒன்று, குற்றம் தன் உடம்பிலா, நெரெய்தாவின் கையிலா.

அந்தக் கை… இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள் அந்தக் கையில் கிடந்தது இந்தத் தலை. தகரக் கூரை போட்ட கடை, முடி உலர்த்தும் மின்சாரத் தொப்பிகள் நான்கு, அதில் ஒன்று எப்போதும் பழுது, சுருள்குழல் மாட்டிய தலைகளோடு வரிசையாகப் பெண்கள், யார் வீட்டுக்காரன் யாரோடு போனான் என்பதையெல்லாம் தொப்பி இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்வார்கள், கத்திச் சொன்னால் அது இரகசியம் இல்லையா என்ன. நெரெய்தா வெந்நீரில் தலையைச் சாய்த்து விரலால் மண்டையைக் கோதத் தொடங்கினால் போதும், பதிவு அலுவலகத்தில் வாரம் முழுக்கப் பிறப்புச் சான்றிதழுக்காகத் தன்னிடம் சண்டை போட்ட சனமெல்லாம் அந்தத் தண்ணீரோடு ஓடிவிடும். "ஏண்டி, உன் முடி இருக்கே, மூணு பேருக்குப் பங்கு வைக்கலாம்டி, என் கை ஓய்ஞ்சு போகுது" என்பாள். மகனைப் பெற்ற மறு மாதம் கைக்குழந்தையோடு போனபோது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் சீப்பு பிடித்தாள், அந்தக் குழந்தை இப்போது பாஸ்டனில் லாரி ஓட்டுகிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடிப்பாள், பாருடி உன் பின்னழக, என்று… எப்போது நிறுத்தினாள் அதை? சென்ற வருடம் பிடித்தாளா? அதற்கு முந்தின வருடம்? கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள் ஒருமுறை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்தாளே, அந்த மருந்துக் கடைக்காரன் மனைவிக்குப் பிடித்ததைப் பார்த்தோமே. நடு வகிடு இடது வகிடானது எப்போது? "முகத்துக்கு எடுப்பா இருக்கும்டி, அஞ்சு வயசு குறையும்" என்றாள், அஞ்சு வயது குறையும் என்றால் எந்த முட்டாள் வேண்டாம் என்பாள்.

பிப்ரவரியில் நெரெய்தா காய்ச்சலில் படுத்துக் கடையைப் பூட்டியிருக்காவிட்டால் இன்னும்கூடத் தெரிந்திருக்காது. அலுவலகத்துக்கு எதிரே புதிதாகத் திறந்த கடையில் ஒரு வாயாடிப் பெண், "அம்மா, உச்சியில என்ன இது, மைதானம் மாதிரி? இத்தன நாளா யாருமே சொல்லலையா?" என்று இரண்டு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். கவுண்டரில் குனிந்து எழுதும்போதெல்லாம் எதிரில் நின்றவர்கள் பார்த்தது இதைத்தானா, எத்தனை வருடமாக? அடுத்த சனிக்கிழமை நேரே நெரெய்தாவிடம் போனாள், ஆறு பெண்கள் சுருள்குழலோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியையும் பார்க்காமல் கத்தினாள், முடிய நேராக்குற உன் மருந்துதாண்டி என் தலைய மொட்டையடிச்சது, வருஷத்துக்கு மூணு தடவ அந்த நாத்தம் பிடிச்ச களிம்பு, தெரிஞ்சுதானே போட்ட, தெரிஞ்சுதானே மறைச்ச… இன்னும் என்னென்னவோ. தொப்பிகள்கூட அணைந்துவிட்டன. நெரெய்தா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், மறுபேச்சு பேசவில்லை, வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள். கடைசியில், "காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போ" என்றாள். குடிக்கவில்லை. ஒன்பது மாதம் ஆகிறது. அவள் தந்த சீப்பு, இரவில் தலையில் கட்டும் துணி, தேங்காய்க் களிம்பு எல்லாவற்றையும் அன்றைக்கே குப்பையில் போட்டாள், அவள் தந்த மாத்திரையை மட்டும் எறியவில்லை, அது நகத்துக்கு, நகம் என்ன பாவம் செய்தது.

"முப்பத்தொண்ணு!"

உள்ளே ஒரு தடித்த பெண், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே சீட்டைப் படித்தாள், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு, இரும்புச்சத்து, எல்லாம் இருக்கு, கைய நீட்டுங்கம்மா, சாப்பிடலைல்ல, ராத்திரி தூங்கினீங்களா, என்று அவள் கேட்டதெல்லாம் சந்தையில் தக்காளி விலை கேட்பது போலிருந்தது. ரப்பர் பட்டை முழங்கைக்கு மேல் இறுகியது. "முடிக்கு ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?" இல்லை. "வைட்டமின்?" இல்லை. "நகத்துக்கு, தோலுக்கு, எதுவும்?" நகத்துக்கு ஒன்று உண்டு, என்று சிரித்தாள் யொகாஸ்தா, பெரிய மருந்தொன்றுமில்லை, சிநேகிதி கொடுத்தது. காட்டுங்க, என்றாள். கைப்பையிலிருந்து அந்தக் கொய்யா ஜாம் புட்டி வெளியே வந்தது. நெரெய்தாவின் தம்பி நியூயார்க்கிலிருந்து பெரிய போத்தலில் கொண்டுவருவான், அவள் ஒரு வருடத்துக்கு ஆகும்படி இதில் மாற்றித் தருவாள். "இது பயோட்டின்மா. எங்கம்மாவும் இதத்தான் முழுங்குறாங்க, முடி வளரணும்னு. நகத்துக்கும் சொல்லுவாங்க, ஆனா யாரு நகத்துக்கு வாங்குறா, எல்லாம் முடிக்குத்தான்." பட்டையை அவிழ்த்துவிட்டாள். "இதப் போட்டுக்கிட்டு ரத்தம் கொடுத்தா எங்க மிஷின் ஏமாந்து போகும். சிலதக் குறைச்சுக் காட்டும், டெஸ்டோஸ்டிரோன இல்லாமலே ஏத்திக் காட்டும். மூணு நாள் நிறுத்திட்டு வாங்க." மூணு நாள் கழிச்சு வந்தால் மூன்றாம் நாள் போய்விடுமே, என்றாள். "அப்ப அடுத்த தடவ." அடுத்த தடவை எப்போது வருமோ, அதுவாக மனம் வைக்க வேண்டும். "போடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பேன், இனிமே எப்படி எடுக்குறது?" என்று அந்தப் பெண் புட்டியைத் திருப்பித் தந்தாள், அதில் பதினொன்று மிச்சமிருந்தன.

வெளியே வெயில் ஏறிவிட்டது. முனையில் காப்பி வண்டிக்காரனிடம் ஒன்று வாங்கினாள், சர்க்கரை பாகாக இனித்தது… நகம். தன் நகம் எப்போது உடைந்தது? "காட்டுடி கைய, பாரு, நகமெல்லாம் பொடிஞ்சு போச்சு, தினம் ஒண்ணு போடு, மறக்காத" என்று விரலைப் பிடித்துப் பார்த்தாளே, அன்றைக்கு நல்ல நகம்தானே, முந்தின நாள்தானே சாயம் பூசியது. மூன்று வருடம் ஆகிறது. கண்ணாடி நின்ற அதே வருடம். அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது, தன் தலைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது, வாயால் சொல்லாமல் வகிட்டை நகர்த்தி, மாத்திரையை ஊட்டி… சரி, அதைக் கடையில் கத்தின அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே, மூணு வருஷமா வைத்தியம் பாக்குறேண்டி பாவி, என்று ஒரு வார்த்தை? ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லியிருந்தால் யொகாஸ்தாவுக்கு வழுக்கை என்று ஊருக்கே சொன்னதாக ஆகியிருக்கும், கத்தித் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டாயிற்று, ஆனால் நெரெய்தாவின் வாயிலிருந்து வரவில்லை. அல்லது அதெல்லாம் இல்லையோ, களிம்புதான் கெடுத்தது என்று அவளுக்கே உள்ளே உறுத்தி, பரிகாரமாகக் கொடுத்தாளோ? பேசாமல் நின்றது பாசத்தாலா, குற்ற உணர்ச்சியாலா? இதற்கு எந்த ஊசியைக் குத்துவது? கை தன்பாட்டில் புட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தது, காப்பியோடு இறங்கியும் விட்டது, மிச்சம் பத்து. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்று இப்போது தெரியும், வாங்கப்போவதில்லை என்றும் தெரிந்தது. உள்ளே பட்டை இறுகியபோது, ஊசி நெருங்கியபோது, தான் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்பதும் இப்போதுதான் உறைத்தது, மாதாவே, என் இரத்தத்திலேயே கோளாறு இருக்கட்டும், கூடிக் கிடக்கட்டும், அவள் மேல் மட்டும் குற்றம் ஒன்றும் இல்லாமல் போகட்டும் என்று… இரண்டு மாதமாகவே அதைத்தானா வேண்டிக்கொண்டிருந்தாள்? காலிக் கோப்பையை வண்டிக்காரன் கேட்டு வாங்கிக்கொண்டான். இன்று வியாழன். நாளை மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கு ஆறிப்போன அந்தக் காப்பியை நெரெய்தா என்ன செய்திருப்பாள், கொட்டியிருப்பாளா, குடித்திருப்பாளா?