இரண்டாவது கொட்டு

திங்கட்கிழமை காலை புதுக்கோட்டையில் எனக்குக் கணக்குப் பரீட்சை. போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் போய்விட்டது. இந்த முறையும் போனால் கடலைக் கொல்லைதான்.

முதல் நாள் ஞாயிறு சாயங்காலம் ஊரில் அம்மனுக்குக் காப்புக்கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் எட்டு நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. அதற்குள் கிளம்பிவிடலாம் என்றுதான் மூட்டையோடு வந்து, கல்லுக்கு உள்பக்கம் பனை நிழலில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கல்லுக்கு வெளியே ஒரே பொட்டல்.

அல்ஜீப்ராவில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். ட்ரிக்னாமெட்ரிதான் பயம். ஒரு கோபுரத்தின் உச்சி முப்பது டிகிரியில் தெரிகிறது, நூறு அடி நெருங்கினால் அறுபது டிகிரி, உயரம் என்ன? எங்கே நூறைக் கூட்டுவது என்பதில் ஒவ்வொரு தடவையும் தடுமாறினேன்.

ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த சிலோனில், கண்டித் தேயிலைத் தோட்டத்தில், விடியக்காலை அடிக்கும் முதல் தப்புக்கொட்டு ஆளை எழுப்ப. இரண்டாவது கொட்டுக்குத்தான் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். இங்கேயும் இன்னொரு கொட்டு இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நாங்கள் இந்த ஊருக்குத் திரும்பி வந்து ஐந்து வருஷமாகியும், காப்புக்கட்டுக்கு எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த வருஷம்தான் அப்பாவைச் சாமி காரியத்தில் ஒரு கரையில், கோயில் பங்காளிகளில் ஒருவராக, சேர்த்துக்கொண்டார்கள்.

உயரம் வந்துவிட்டது. ஐம்பது ரூட் மூன்று. சந்தோஷத்தோடு நிமிர்ந்தால் எதிரில் சந்தனம் நிற்கிறான். ஊர்ப் பெரியதனக்காரர் திருப்பதி அம்பலத்தின் மருமகன்.

"ஏய் சிலோனு, மூட்டையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுக் கெளம்பிட்டே?"

"பரீச்சைக்கு. ரெண்டாவது கொட்டுக்குள்ள போயிருவேன்."

"ரெண்டாவதா? சாமிக்கு என்ன பஸ் மணியா அடிக்கிறாக? ஒரே கொட்டுதான். காப்புக் கட்டியாச்சு."

அவன் போட்ட சத்தத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்பலம் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் அப்பா, மணிக்கட்டில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு.

"கொட்டு விழுகுறப்ப எல்லைக்குள்ளதானே இருந்தே?"

"ஆமாங்க."

"அப்ப பேச்சே இல்லை. ஒங்கப்பன் இப்பத்தான் கரையில நின்னு காப்பு வாங்கியிருக்கான். நீ தாண்டுனா அவன் நின்னது செல்லாது. என்ன ரெங்கசாமி, சொல்லு."

அப்பா கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். இந்தக் கயிற்றுக்காக வருஷா வருஷம் எத்தனை பேர் வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். நான் மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவனைச் சேக்காதீங்க," என்றார் அப்பா.

"என்னது?"

"கரையில நான் மட்டும் நிக்கிறேன். அவன் சிலோன்ல பொறந்தவன். நீங்கதானே எல்லாரும் அப்படிச் சொல்றீங்க? ஊர்ப்பிள்ளை இல்லைன்னே இருக்கட்டும்."

சந்தனம்கூடத் தரையைப் பார்த்தான்.

அம்பலம் துண்டை உதறினார். "யோசிச்சுச் சொல்லு. இன்னைக்கு இல்லேன்னா பெறகு எப்ப வந்தாலும் அவன் விருந்தாளிதான். இந்தக் கரையில அவன் கைக்குக் காப்புக் கிடையாது."

"சரிங்க."

"அப்பா, வேணாம்பா. செப்டம்பர்ல எழுதிக்கிறேன்," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையை எடுத்து என் தோளில் வைத்தார்.

கல்லைத் தாண்டினேன். சாலையில் பஸ் வரும் புழுதி தெரிந்தது. ஓடப் பார்த்தபோது பின்னால் கூப்பிட்டார். பனையடியில் விட்டுவந்த ஜாமெட்ரி பாக்ஸ் அவர் கையில். கயிறு கட்டிய கை; அவர் தாண்ட முடியாது. கல்லோரம் நின்று எட்டி நீட்டினார். நான் வெளிப்பக்கம் நின்று வாங்கினேன்.

அம்பலமும் ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்துபோகிற அந்நியரிடம் பேசுகிற குரலில் அப்பா சொன்னார்:

"நல்லா எழுதுங்க தம்பி. போயிட்டு வாங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கோபுரக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நூறை எங்கே கூட்டுவது என்று தெரியவில்லை.