எட்டாவது வரிசையின் வாய்

அல்கியோன் தியேட்டரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாய். பெற்றவர்கள் வைத்த பெயர் பலோம்பா என்றாலும் எங்கள் கிரேக்க ஊரான சலோனிகாவில் படம் பார்க்கிற யூதப் பெண்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. "வாய் வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். நான் வராவிட்டால் அவர்களுக்குப் படம் ஓடாது.

திரையில் பேசுவது பிரெஞ்சோ ஆங்கிலமோ, அடியில் ஓடுவது கிரேக்க எழுத்து. எங்கள் பெண்களில் நிறையப் பேருக்கு எதையும் படிக்க வராது. நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும், வேலை பார்க்கிற காலுறைக் கடையில் கிரேக்கமும் கற்றவள். அதனால் எட்டாவது வரிசையின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் எங்கள் மொழியில் உரக்கச் சொல்வேன். எங்கள் மொழி என்றால் பழைய ஸ்பானியம். யூதர்கள் என்பதற்காக நானூறு வருஷத்துக்கு முன்னால் எங்களை ஸ்பெயினிலிருந்து துரத்தினார்களே, அப்போது கூடவே வந்த மொழி. நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், நாக்கைப் பிடுங்க முடியவில்லை.

"அவன் என்னடி சொல்றான்?"

"கட்டிக்கறேன்னு சொல்றான்."

"நம்பாதேன்னு அவகிட்ட சொல்லு."

"நான் சொன்னா அவளுக்குக் கேக்கவா போகுது?"

"கேக்குதோ இல்லையோ, நீ சொல்லி வை."

சொல்லுவேன். சும்மா மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நான் என்ன அரசாங்க குமாஸ்தாவா?

நாங்கள் போவது சனிக்கிழமை மதியம். அது எங்கள் ஓய்வுநாள், காசைத் தொடக்கூடாது, அதனால் வெள்ளிக்கிழமையே சீட்டு வாங்கிவிடுவோம். அடுப்பும் பற்றவைக்கக்கூடாது, அதனால் வெங்காயச் சருகோடு ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்து பழுப்பேறிய முட்டைகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போவோம். எங்கள் மதகுரு ரபி வாராவாரம் திட்டுவார். சினிமா பார்க்கக்கூடாது என்று மோசே எங்கே சொன்னார் என்று கேட்டால் இன்னும் திட்டுவார்.

ஒன்பதாவது வரிசையில், சரியாக என் முதுகுக்குப் பின்னால் சுமேலா உட்காருவாள். கிரேக்கக்காரி, கருங்கடல் பக்கத்திலிருந்து அகதியாக வந்து சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். "துருக்கிக்காரன்கிட்ட தப்பிச்சு வந்தது இந்த முட்டை நாத்தத்துல சாகறதுக்கா?" என்பாள். "கத்தாதீங்களேன்டி" என்பாள். சரி, வேறு வரிசைக்குப் போயேன் என்றால் மட்டும் போகமாட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே நாற்காலியில்தான் இருப்பாள்.

ஓரோ அக்காவுக்கு முன்பெல்லாம் சினிமா ஆகாது. எங்கள் முற்றத்திலேயே எதிர்வீடு. ஹோட்டலில் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள், விதவை. ஒரே பையன் தாவிகோ, புகையிலைத் தொழிலாளி. போன வருஷம் மே மாத வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டபோது அவன் பக்கத்தில் நின்றவன் விழுந்தான். ஆகஸ்டில் ராணுவ ஜெனரல் ஒருவர் நாட்டின் ஆட்சியைப் பிடித்ததும் தாவிகோவின் கூட்டாளிகளைத் தேடித்தேடிப் பிடித்தார்கள். இலையுதிர் காலத்தில் அவனைக் காணோம்.

"பிரான்ஸ்ல மார்செய் துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு" என்றாள் ஓரோ அக்கா எல்லோரிடமும். எல்லோரும் "நல்லது, நல்லது" என்றோம். அவன் ஸ்பெயினுக்கு, அங்கே ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிற இன்னொரு ஜெனரலை எதிர்த்துச் சண்டை போடப் போயிருக்கிறான் என்று எங்கள் முற்றத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்தால் போலீஸ் வரும், அதனால் மார்செய்.

அதிலிருந்து ஓரோ அக்கா சனிக்கிழமை தவறாமல் என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள். படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, அதற்காக. ஸ்பெயின் வந்தால் என் முழங்கையைப் பிடிப்பாள். நான் சொல்லச்சொல்ல அவள் விரல் இறுகும். மாட்ரிட் இன்னும் விழவில்லை என்பேன், விரல் தளரும். ஸ்பெயின் முடிந்து படம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். விளக்கு போட்டதும் கண்ணைத் திறந்து, "கல்யாணம் ஆச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

மகனைப் பற்றி அவளுக்கு உலகத்தில் கிடைத்தது அந்த இரண்டு நிமிஷம்தான். அதன் மேல்தான் கை வைத்தார்கள்.

வசந்த காலத் தொடக்கத்தில் தியேட்டர் வாசலில் ஒரு பலகை தொங்கியது. அரங்கத்துக்குள் கிரேக்க மொழியில் மட்டுமே பேச வேண்டும். மேனேஜர் தனாசி எங்கள் வரிசைக்கே வந்து குனிந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்த சுபாவம்.

"மதாம், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். கடைசி வரிசையில மஃப்டியில ஒருத்தன் உக்காந்திருக்கான். கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

"வாயை மூடிக்கிட்டுப் பாக்க, நான் மீனா தனாசி?"

ஆனாலும் அன்று மூடிக்கொண்டேன். திரையில் வரைபடம் வந்தது, புகை வந்தது, இடிந்த வீடுகள் வந்தன. ஓரோ அக்காவின் விரல் என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெருவுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்றாள். ஞாபகம் இருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் புகை வந்தப்போ?"

"ஏதோ ஆற்றங்கரைன்னு... பேரு மறந்துபோச்சுக்கா."

"மறந்துபோச்சு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வீட்டில் என் புருஷன் மெந்தெஷிடம் சொன்னேன். அவர் சுங்க அலுவலகத்தில் எடை பார்ப்பவர், எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"நம்மளைத் துரத்தின நாடு அது. அங்க எவன் எவனைச் சுட்டா நமக்கென்ன? இந்த ஊர்ல நானூறு வருஷம் காலம் தள்ளியிருக்கோம்னா, சத்தம் போடாம இருந்ததாலதான்."

"நாமளா? சத்தம் போடாமலா? உங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்க வரல போலிருக்கு."

"விளையாடாதே பலோம்பா. உன்னைத் தீவுக்கு நாடு கடத்திட்டா எனக்கு யார் சோறு போடுவா?"

"தாவிகோ அம்மாவுக்கு அவன் உயிரோட இருக்கானான்னு யார் சொல்வா?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நியூஸ் ரீலில் முதலில் ஏதோ குதிரைப் பந்தயம். பிறகு ஸ்பெயின். ஒரு மண் சாலையில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போகிறார்கள். கழுதை மேல் மெத்தை. பிரெஞ்சு வர்ணனையாளன் என்னவோ அளந்துகொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் குரல் நின்றது. கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெண் கேமராவுக்கு நேராக வந்து, தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"படம் எடுக்கறியா? எடு. இந்தக் கழுதையை எடு, இந்த மெத்தையை எடு. என் பையன் அந்தப் பாலத்துக்கிட்ட நிக்கிறான். அவனையும் போய் எடு. சாப்பிட்டானான்னு கேட்டுட்டு வா."

சொல்வதற்கு நான் தேவைப்படவில்லை. எங்கள் பெண்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சமையல்கட்டில் பேசாதே, டிராமில் பேசாதே, தியேட்டரில் பேசாதே என்று எந்த மொழியைச் சொன்னார்களோ, அது அத்தனை பெரிய திரையிலிருந்து வந்தது. கொஞ்சம் விறைப்பான உச்சரிப்பு, அவ்வளவுதான்.

ஓரோ அக்கா எழுந்து நின்றாள்.

"எந்தப் பாலம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, எந்தப் பாலம்?"

அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். திரையில் ஒரு பாட்டில் தொழிற்சாலை திறப்பு விழா. ஓரோ அக்கா உட்காரவில்லை. "எந்தப் பாலம்னு கேக்கறேன்ல" என்று தொழிற்சாலையைப் பார்த்துக் கத்தினாள். தனாசி டார்ச்சோடு ஓடி வந்தார். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அதைப் பார்த்தவர் தன்னால் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார்.

பின்னாலிருந்து சுமேலா என் தோளைத் தட்டினாள்.

"அந்தப் பொம்பளை என்னடி சொன்னா?"

"உனக்கென்ன? கத்தாதேன்னு சொல்றவதானே நீ?"

"சொல்லுடி. இந்த அக்கா எழுந்து கத்தினதை நானும்தான் பார்த்தேன்."

நான் எழுந்து பின்னால் திரும்பி நின்றேன். இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் தொண்டைக்கு வந்தது. கழுதை, மெத்தை, பாலம், சாப்பிட்டானா என்ற கேள்வி, எல்லாவற்றையும் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். கிரேக்கத்தில்தான் சொன்னேன். பலகை சொன்னபடியே நடந்துகொண்டேன், யாரும் குறை சொல்ல முடியாது.

விளக்குகள் எரிந்தன. மஃப்டிக்காரன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தான். சின்ன வயசு, மீசை இன்னும் சரியாக வரவில்லை.

"இந்த அம்மாவுக்கு ஸ்பெயின்ல யார் இருக்கா?" என்று என்னைக் கேட்டான்.

மார்செய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரோ அக்கா என் கையை அழுத்தினாள். ஸ்பெயின் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது சந்தைக் கிரேக்கம், கத்தரிக்காய் வாங்க மட்டும் போதும். அதை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மகன். என்னோட மகன். ஸ்பெயின்ல. தாவிகோ சப்போர்தா."

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றாளா?"

நான் அக்காவிடம் கேட்டேன். அவள் எங்கள் மொழிக்கு மாறினாள்.

"தெரியும்னு சொல்லு. மார்செய் மார்செய்னு சொல்லிச் சொல்லி என் வாய் கசந்துபோச்சு. திருடின கோழியை மறைக்கிற மாதிரி பெத்த பிள்ளை பேரை மறைச்சு வச்சிருக்கேன். போதும். அங்க ஒருத்தி கேமரா முன்னாடியே நின்னு சொல்றா, நான் மட்டும் இங்க இருட்டுல உக்காந்து முழுங்கணுமா? அவனைப் பிடிக்கணும்னா மாட்ரிட்டுக்குப் போகச் சொல்லு, அங்கதான் இருக்கான்."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காகிதத்தை நீட்டிக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். "இன்னிக்கு ஓய்வுநாள். வானத்துல மூணு நட்சத்திரம் வந்தாதான் அது முடியும், அப்புறம் வைக்கறேன்" என்றாள் ஓரோ அக்கா. இன்ஸ்பெக்டர் மேஜையைக் குத்தினார். அவள் மடியிலிருந்து முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள், பாதியை எனக்குக் கொடுத்தாள். ஜெனரல் யூதர்களோடு தகராறு வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அதனாலோ, முட்டை வாசனையாலோ, ஒரு ராத்திரி வைத்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் விட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை வந்தால் தீவுதான் என்றார்கள். அவர்கள் சொன்னால் செய்கிறவர்கள், அது எனக்குத் தெரியும்.

வாசலில் மெந்தெஷ் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்தே நிற்கிறாராம். வீடு வரைக்கும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தார், எங்கள் மொழியில், நடுத்தெருவில். டிராமிலிருந்து தலைகள் திரும்பிப் பார்த்தன.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை சீட்டு வாங்கப் போனேன். தனாசி கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"எட்டாவது வரிசை இல்ல மதாம்."

"ஒன்பது?"

"அதுவும் இல்ல."

எனக்குப் பின்னால் எங்கள் பெண்கள் தெருமுனை வரை நின்றிருந்தார்கள். யாரும் நகரவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு சுமேலா முன்னால் வந்தாள், சலவைக்கூடத்து ஈரக்கையோடு.

"ஒன்பதாவதுல என் சீட்டு எங்கய்யா? எனக்கு முன்னாடி இந்த வாய் உக்காரணும். இல்லைன்னா எனக்கும் வேண்டாம்."

நான் அவளையே பார்த்தேன். "உனக்குத்தான் எங்க சத்தமே ஆகாதே."

"எனக்கு மட்டும் படிக்கத் தெரியுமாடி?" என்று சீறினாள். "நீ கத்தினா கோபம், நீ குழைஞ்சா காதல். இத்தனை நாளா அதை வச்சுத்தான் நான் படம் பாத்தேன். போன தடவை எங்க மொழியில சொன்னே பாரு, இனிமே ரெண்டுலயும் சொல்லு."

தனாசி பெருமூச்சு விட்டுக்கொண்டு எட்டாவது வரிசைச் சீட்டுகளைக் கிழித்தார்.

மறுநாள் போனோம். பலகை அப்படியே தொங்கியது. கடைசி வரிசையில் அதே சின்னப்பயல், மடியில் தொப்பி. விளக்கு அணைவதற்கு முன்னால் சுமேலா எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே தலையை நீட்டி, வறுத்த பூசணி விதைப் பொட்டலத்தை ஓரோ அக்காவிடம் கொடுத்தாள்.

"உங்க தாவிகோகிட்டருந்து ஏதாவது சேதி வந்துச்சா?"

அவன் போனதிலிருந்து அந்தக் கேள்வியை, அந்தப் பெயரைச் சொல்லி, ஓரோ அக்காவிடம் யாரும் கேட்டதில்லை. நாங்களும்தான் கேட்டதில்லை. நான் மொழிபெயர்த்தேன். அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வரலை. வந்தா உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்னு சொல்லு" என்றாள்.

சுமேலா ஒரு முழ தூரத்தில்தான் இருந்தாள், முணுமுணுத்தாலே கேட்டிருக்கும். நான் எழுந்து நின்று, ஸ்பெயினில் சண்டை போடுகிற தாவிகோ சப்போர்தாவிடமிருந்து இன்னும் சேதி வரவில்லை என்று கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.