போகும்போது ஏறாத விமானம்

2

ஒன்று எங்கே என்று தேடாதீர்கள். அதில் நான் ஏறவில்லை. நேராக இரண்டில் வந்து நிற்கிறேன், கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இந்தக் கதை இன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் வீட்டு வாசலில் பிறந்தது. தங்கை விஜயகுமாரி சென்னை விமான நிலையத்திலிருந்து கைபேசியில் அழைத்தாள். போர்ட் பிளேர் திரும்ப அவளிடம் டிக்கெட் இருக்கிறது, ஆனால் இல்லை. போக வர சேர்த்து எடுத்த டிக்கெட்டாம், போகும்போது விமானத்தில் அவள் ஏறவில்லையாம். அதனால் திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாகிவிட்டதாம். இனி செவ்வாய்க்கிழமைதான் இடம். அவளுக்கோ நாளை காலை பத்து மணிக்குத் தேர்வு.

என்ன தேர்வு என்று சொல்லும்போது என் நெஞ்சு சற்று நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாத்தம் துறையிலிருந்து பேம்பூஃபிளாட் போகிற ஃபெர்ரியில் ஒன்பது வருடமாக லஸ்கர் அவள். கயிறு வீசி, படகைக் கட்டுகிற வேலை. தேர்வில் சுக்கானைப் பிடித்து ஓட்டிக் காட்டினால் செராங். படகே அவள் பொறுப்பு. கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய அழகையாவின் மகள். என் தங்கை. (இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டேன். அடிக்க மனமில்லை.)

3

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'கலங்கிய கண்களோடு அவள் அந்தக் கண்ணாடிக் கதவின்...' வேண்டாம். அவள் அழவில்லை. அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் வெங்காயம் நறுக்கும்போது.

'கவுண்டரில் இருந்த இரக்கமற்ற பெண்...' வேண்டாம். அந்தப் பெண் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாளாம்.

மூன்றாவதுதான் தேறியது: 'டிக்கெட் ஏஜென்ட் சந்திரமோகன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "கப்பல் கெடச்சா கப்பல்ல போங்க. ஃபிளைட்ட விட்ருங்க. ரிட்டர்ன் எங்க போயிரும்?"'

தீவுக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கப்பல் எந்தத் தேதியில் கிளம்பும் என்பது அது கிளம்பிய பிறகுதான் உறுதி.* அதனால் கப்பலுக்கும் விமானத்துக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டு வைப்போம். எது முதலில் நகர்கிறதோ அதில் ஏறுவோம். கப்பலில் போகிற டிக்கெட் தனி, வருகிற டிக்கெட் தனி. ஒன்றை விட்டால் இன்னொன்று சாகாது. விமானமும் அப்படித்தான் என்று நினைப்பது எங்களைப் போன்றவர்களால் மட்டுமே முடிகிற தவறு. தேர்வுக்கு வேண்டிய கண்பார்வைச் சான்றிதழுக்காக மெயின்லேண்ட் போனவள், கப்பல் முந்திக்கொண்டதால் அதில் போய்விட்டாள்.

* காற்று, மழை, எஞ்சின், ஏதோ ஒன்று. யார் மேலும் குற்றமில்லை.

4

இந்தச் சந்திரமோகன் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. மீசை அளவுக்கு மீறி நன்றாக அமைந்திருக்கிறது. யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை மறுபடி அழைத்தாள். கதை எழுதுகிறேன் என்றேன்.

"நா இங்க நிக்கிறேன், நீ கத எழுதுறியா? மத்லப், ஒனக்கு வேற வேலயே இல்லியா அண்ணே?" (மத்லப் என்றால் 'அதாவது'. தீவுத் தமிழில் இந்தி இப்படித்தான் ஏறிக்கொள்ளும்.)

"கவுண்டர்ல என்னா பேசுன, அத மட்டும் சொல்லு."

"'நீங்க போகவே இல்ல மேடம்'னாங்க. 'போகலன்னா நா எப்பிடிங்க இங்க வந்து நிக்கிறேன்'னேன். அந்தப் புள்ளைக்கே சிரிப்பு வந்திருச்சு. ஆனா ஏலாதாம். சிஸ்டமாம்."

ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதிக்கொண்டேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், இப்படி ஒரு வசனம் எனக்கு வந்ததில்லை.

"டெலானிபூர்ல கோவிந்தராஜ் சார் வீட்டுக்குப் போயி லெட்டர் குடு," என்றாள். தேர்வு நடத்தும் அதிகாரி அவர். "டெஸ்ட்டு புதன்கெழம வரைக்கும் இருக்கு. என் நாள மாத்திக் குடுத்தா போதும்."

"எழுதியே வச்சிட்டேன். 'விமானம் ரத்தானதால்'னு."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த அறிவிப்புக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"விமானம் ரத்தாகலியே. இந்நேரம் மேல பறந்துக்கிட்டு இருக்கு. நாளபின்ன நூறு பேர ஏத்திக்கிட்டுப் போகப்போறவ நா. பொய் சொல்லித்தான் சுக்கானப் புடிக்கணும்னா வேணாம், கயிறே வீசிக்கிறேன். உண்மய எழுது. யாரு சொல்லி ஃபிளைட்ட விட்டேன்னும் எழுது."

5

முடிவுகள் இரண்டு கையில் இருந்தன.

அ) கோவிந்தராஜ் சார் கடிதத்தைப் படித்ததும் மனம் இளகி, உடனே தேதியை மாற்றி...

ஆ) விதி விதிதான் என்று திருப்பிக் கொடுக்கிறார். அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவள் மறுநாளும் கயிறு...

இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலில் ஏறாதவனுக்குக் கடைசியில் இடம் கிடையாது.

சந்திரமோகன் என்று யாரும் இல்லை. மீசை என்னுடையது, சொன்னதும் நான்தான். இந்தப் பக்கம் யாருக்கு டிக்கெட் சந்தேகம் வந்தாலும் 'சுரேந்திரனக் கேளு' என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனை நேரம் கதை கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே என் தங்கை, ஒன்பது வருடம் காத்திருந்த சுக்கானை ஒரு சின்னப் பொய்க்காக வேண்டாம் என்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, தலைகால் புரியாத பெருமையாகவும் இருக்கிறது. பெருமைதான் அதிகம்.

கடிதத்தைப் பிரிக்கப்போவது கோவிந்தராஜ் சார். ஆனால் அவருக்கு முன்னால் படிப்பவர் நீங்கள். முடிவை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

1

மதிப்பிற்குரிய கோவிந்தராஜ் ஐயா அவர்களுக்கு,

விமானம் எதுவும் ரத்தாகவில்லை. என் தங்கை விஜயகுமாரி போகும்போது விமானத்தை விட்டுவிட்டுக் கப்பலில் சென்றது என் பேச்சைக் கேட்டுத்தான். அப்படிச் செய்தால் திரும்பும் டிக்கெட்டும் போய்விடும் என்பது, எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியவில்லை. செவ்வாய் மதியம் வந்துவிடுவாள். புதன்கிழமை அரை மணி நேரம் கொடுத்தால் ஓட்டிக் காட்டுவாள்.

இதைவிட நல்ல காரணம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அது பொய் என்பதால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்படிப்பட்டவளை நம்பிப் படகைக் கொடுக்கலாமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
விஜயகுமாரியின் அண்ணன்