கொம்பு முளைத்த காசு

மியாண்டர் ஆற்றங்கரைப் பட்டணத்தின் தலைவர் மெனிப்பஸுக்குப் பதவி முடிய இன்னும் ஒன்பதே நாள். அதற்குள் தம் பெயர் பொறித்த வெண்கலக் காசு வெளிவந்தாக வேண்டும். தாண்டினால் அடுத்தவர் பெயர்தான் ஏறும். பின்பக்க அச்சு தயார்: சாய்ந்து படுத்த ஆற்றுத்தேவன், சுற்றிலும் மெனிப்பஸின் பெயர். முன்பக்கத்துக்குச் சக்கரவர்த்தியின் தாடி முகத்தை அச்சு வெட்டும் பாப்பியாஸ் நேற்றுத்தான் முடித்திருந்தான். எழுத்து மட்டும் பாக்கி.

அன்று காலை ரோமிலிருந்து சேதி வந்தது. சக்கரவர்த்தி போய்விட்டார்; புதியவருக்கு மீசைகூட அரும்பவில்லை.

மெனிப்பஸ் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடிவந்தார்.

“யோவ் பாப்பியாஸ், அந்தத் தாடியைச் செரைச்சு விடுய்யா!”

“அச்சுல தாடிங்கறது பள்ளம் ஐயா. வளர்க்கச் சொல்லுங்க, முழங்கால் வரைக்கும் வளர்த்துடறேன். தோண்டினதைத் தூர்க்க முடியாது.”

“அப்போ புதுசா வெட்டு.”

“இருபது நாளாகும்.”

மெனிப்பஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செத்தவர் முகத்தை ஆள்பவர் இடத்தில் அடித்தால் மாகாண ஆளுநர் தோலை உரிப்பார்.

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாப்பியாஸின் மனைவி அம்மியா அவனைப் பார்த்தாள். “ஏங்க, போனவரை ரோமில சாமியாக்கிட்டாங்கன்னும் சேதியில இருந்துச்சே. சாமிக்குத் தாடி இருக்கக் கூடாதா?”

பாப்பியாஸ் உளியை எடுத்தான். காதுக்குப் பின்னால் சுருட்டி ஓர் ஆட்டுக்கொம்பு தோண்டினான். சுற்றிலும் ஆட்டுக்கொம்புச் சாமியின் பெயரை, ‘ஜீயஸ் அம்மோன்’ என்று, காசில் நேராக விழும்படி வலமிருந்து இடமாக வெட்டினான்.

“யாராவது கண்டுபிடிச்சுட்டா?” என்றார் மெனிப்பஸ்.

“சக்கரவர்த்தியைக் கும்பிட்டோம்னு சொல்லுங்க. கும்பிட்டதுக்கா உதைப்பாங்க?” என்றான் பாப்பியாஸ்.

எட்டாம் நாள் காசு வந்தது. ஆளுநரின் எழுத்தர் ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“இந்தச் சாமியை எங்கயோ பார்த்திருக்கேனே?”

“சாமி எங்கயும் இருக்கறவர்தானேங்க,” என்றார் மெனிப்பஸ். எழுத்தர் சிரித்தபடி இரண்டு காசைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

தம் பெயரை ஊர் வாசிப்பதைக் கேட்க மெனிப்பஸ் நேரே மீன் கடைக்குப் போய்க் காசை நீட்டினார். கடைக்காரி ஒருபக்கம்தான் பார்த்தாள்.

“ஓ, கொம்பன் காசா! அடிச்சது நீங்கதானா? அதான் உங்க நடையைப் பார்த்தாலே தெரியுதே, கொம்பு முளைச்சது.”

“பின்பக்கம் திருப்பிப் பாரும்மா!”

“அதுக்கெல்லாம் நேரமேது, கொம்பரே? கெளுத்தி வேணுமா, வேணாமா?”