வோட்டாசி சிஸ்டருக்கு என்ன வேலை?

1

இந்தக் கதை ஒரு அட்டவணையாகத்தான் பிறந்தது. மெல்பர்னில் ஆண்டு மலர் ஒன்றுக்கு ஆசிரியராக இருக்கும் நண்பர் தொலைபேசியில் கேட்டார். "வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வர்றவங்களுக்கு எந்த வேலைக்கு என்ன சம்பளம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஜனங்க அதைத்தான் படிப்பாங்க."

நான் எழுதக் கூடியவன்தான். முர்ரே ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில், பசிபிக் தீவுகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்குப் பதினொரு ஆண்டுகள் பஸ் ஓட்டினேன்; அவர்களுடைய சம்பளச் சீட்டையும் நானே அடித்தேன். கசாப்புக் கூடத்தில் எலும்பு பிரிப்பவன், முதியோர் இல்லத்துப் பணிப்பெண், வெல்டர், லாரி ஓட்டுநர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். 'திராட்சை வெட்டுபவர், மணிக்கு இருபத்தெட்டு டாலர்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த வரியில் வோட்டாசி உட்கார்ந்திருந்தாள்.

நண்பரிடம் அட்டவணை வராது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: 'வனுவாட்டு நாட்டின் மக்கேராத் தீவில், கடல் பார்த்த ஒரு வீட்டில்...'

[அடித்துவிட்டேன். அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.]

இரண்டாவது தொடக்கம்: 'நாற்பத்து மூன்று வயது வோட்டாசி ஒரு தியாகி.'

[இதையும் அடித்துவிட்டேன். தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பு அப்படி.]

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போர்ட் விலாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்தவள். அங்கே ஒரு மாதம் முழுக்க, இரவு முறையும் சேர்த்து உழைத்து வாங்கியதை இங்கே எட்டு நாள் திராட்சை வெட்டி வாங்கினாள். இதை அவள் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. "திராட்சைக்குச் சுரம் வராது குகா," என்பாள் என்னிடம். "ராத்திரி என்னை எழுப்பாது. அது செத்துப் போச்சுன்னு அது வீட்டாருக்கு நான் போய்ச் சொல்ல வேண்டாம்." என் பஸ்ஸில் வரும் குழுவில் இருந்த இருபத்திரண்டு பேரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

3

இங்கே ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் மூன்று பிரதிகளில் இது இல்லை. ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஜனவரியில் ஒரு பெண்ணுக்குக் கத்தரிக்கோல் பட்டுக் கட்டைவிரல் பிளந்தது. வோட்டாசி கழுவிக் கட்டுப் போட்டு ஒரு வலி மாத்திரையும் கொடுத்தாள். தோட்டத்து மேற்பார்வையாளர் ரோக்கோ அதைப் பார்த்துவிட்டார்.

"இங்க நீ நர்ஸ் இல்லம்மா, வெட்டுற ஆள்," என்றார். "ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் என் கழுத்தைப் பிடிப்பான். முதலுதவிச் சான்றிதழ் என்கிட்டதான் இருக்கு."

"சான்றிதழை வெச்சுக் கட்டுப் போட முடியுமா ரோக்கோ? துணிதானே வேணும்?"

குழு சிரித்தது. ரோக்கோ சிரிக்கவில்லை. மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: இன்னொரு முறை நடந்தால் ஒப்பந்தம் ரத்து, திரும்பும் விமானம். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். இரண்டே வாக்கியம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

4

பிப்ரவரி. நாற்பத்து மூன்று டிகிரி. பெட்டிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவித்திருந்த வாரம்.

குழுவில் இருந்த கல்தாவ் என்ற பையனுக்கு இருபத்து நான்கு வயது. ஊரில், சூறாவளியில் போன வீட்டுக்குப் பதிலாகச் செங்கல்லில் ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். கூரை மட்டும் பாக்கி. கொடி வரிசைக்குள் பாடிக்கொண்டே வெட்டுவான். அன்று பதினோரு மணி வாக்கில் பாட்டு நின்றுவிட்டது. அதைக் கவனித்தவள் வோட்டாசி மட்டும்தான்.

"கல்தாவ்! தண்ணி குடிச்சியா?"

"நாலு பெட்டி பாக்கி சிஸ்டர்."

"பெட்டி ஓடிப் போகாது. வெளிய வா."

அவன் வெளியே வந்தான். வந்தவன், அவளைத் தன் அத்தையின் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் வாந்தி எடுத்து, திராட்சைக் கொடி படரும் கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்தான். வோட்டாசி அவன் கழுத்தில் கை வைத்தாள். சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தடவினாள். நெருப்பாகச் சுட்டது; சொட்டு வியர்வை இல்லை.

ரோக்கோ ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நிழலில் கிடத்தச் சொல்லி, தண்ணீர் புட்டியை அவன் வாயருகே கொண்டுபோனார்.

"வாயில ஊத்தாதீங்க! நினைவு சரியில்ல, நுரையீரலுக்குப் போயிடும். உடம்பைக் குளுத்தணும், இப்பவே. ஐஸ் வேணும்."

வரிசை ஓரத்து டிரம்மில் இருந்த தண்ணீரில் தேநீர் போடலாம், அப்படிச் சுட்டது. ஐஸ் முழுக்க பஸ்ஸுக்குள் இருந்தது. இரண்டு ஐஸ் டிரம், இருபத்திரண்டு பேரின் சாப்பாட்டுக் குளிர்பெட்டிகள். ஏசியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று ரோக்கோ சொன்னதால், பகலில் பஸ்ஸைப் பூட்டியே வைத்திருப்பேன். சாவி என் கையில் இருந்தது.

"குக், திறக்காதே!" ரோக்கோ என் பெயரைச் சுருக்கிக் கத்தினார். பயத்தில் அவர் குரல் கீச்சிட்டது. "யாரும் அவனைத் தொடக் கூடாது. ஆம்புலன்ஸ்காரங்க சொல்ற வரைக்கும் அப்படியே விடுங்க."

5

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

அ) நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஓடிப்போய்ப் பஸ்ஸைத் திறந்தேன்.

ஆ) வோட்டாசி என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

இ) நின்றேன்.

நடந்தது மூன்றாவது. நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, மகளுக்குப் பல்கலைக்கழகம் இருந்தது என்றெல்லாம் [இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அதையெல்லாம் அப்போது நான் நினைக்கவில்லை. ரோக்கோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.] மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. கல்தாவின் கால்கள் வெட்டி இழுத்தன. குதிகால் பட்டு மண்ணில் இரண்டு கோடு விழுந்தது.

வோட்டாசி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை.

"சாவியைக் குடு குகா. யார் திறந்ததுன்னு கேட்டா என் பேரை எழுதிக்கோ."

கொடுத்தேன்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம். பெண்கள் குளிர்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டின் மீனும் சோறும் மரவள்ளித் துண்டும் புழுதியில் கொட்டின. கல்தாவின் சட்டையைக் கிழித்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் ஐஸை அடுக்கினாள். ஐஸ் டிரம்மை இரண்டு ஆண்கள் அவன் மேல் கவிழ்த்தார்கள். மற்றவர்கள் திராட்சைப் பெட்டி அட்டைகளால் விசிறினார்கள். "நிறுத்தாதீங்க! கை வலிச்சா மாத்திக்கோங்க, நிறுத்தாதீங்க!" ரோக்கோ தூரத்தில் போனைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய பெண், ஈரத்தில் கிடந்தவனைப் பார்த்துக் கேட்டாள்: "யார் இவனைக் குளிர வெச்சது?"

விசிறியவர்கள் விசிறிக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கடிதம் தெரியும். யாரும் சொல்லாமல் இருந்திருந்தால், யாரோ செய்தார்கள் என்று போயிருக்கும்.

வோட்டாசி முன்னால் வந்தாள். "சரிஞ்சது பதினொன்னு பத்துக்கு. வலிப்பு ஒரு தடவை, ஒன்றரை நிமிஷம். குளுத்த ஆரம்பிச்சது பதினொன்னு பதினெட்டுக்கு. வாய் வழியா ஒண்ணும் குடுக்கல. பத்து நிமிஷமா பேர் சொன்னா கண்ணைத் திறக்கிறான்."

"நீங்க நர்ஸா?"

"வெட்டுற ஆள்," என்றார் ரோக்கோ.

வோட்டாசி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டும்தான்," என்றாள்.

6

கல்தாவ் பிழைத்தான். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தான்.

(வாசகர் இங்கே மூச்சு விடலாம். என்னால் விட முடியவில்லை.)

மூன்றாம் நாள் ரோக்கோ ஒரு விபத்து அறிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சாட்சி என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. 'தொழிலாளி வோட்டாசி, ஓட்டுநரின் கையிலிருந்து சாவியைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு...'

ஐந்தாம் பகுதியில் ஆ என்று ஒன்று எழுதினேனே, அது என் கற்பனை இல்லை. இந்த அறிக்கைதான். நான் கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தை மூன்று பிரதிகளில் மறைத்ததும் இதனால்தான். கடிதம் வந்தால் அறிக்கை வரும். அறிக்கை வந்தால் நான் வருவேன்.

அன்று மாலை பஸ்ஸில் எல்லோரும் இறங்கிய பிறகு அவளிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நானே அப்படித்தான் சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். "நான் போயிட்டா ஒரு ஆள்தான் போகும். நீ போயிட்டா இந்தப் பசங்களை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் யார் கூட்டிட்டுப் போவா?" படியில் இறங்கி நின்றவள் திரும்பினாள். "ஆனா குகா, நான் பிடுங்கல. நீ குடுத்தே. லேட்டாத்தான் குடுத்தே, ஆனா குடுத்தே. அதை ஏன் தூக்கி எறியறே?"

7

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்து அலுவலகத்தில் விசாரணை. மேலாளர் ஹெதர், ரோக்கோ, வோட்டாசி, நான். வோட்டாசி சர்ச்சுக்குப் போகும் பூப்போட்ட நீள அங்கி அணிந்து வந்திருந்தாள். ஊருக்கு அனுப்புவதென்றால் இதிலேயே போய்விடலாம் என்று குழுவிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தாளாம்.

ஹெதர் அறிக்கையை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது சரிதானே?"

[இங்கே ஒரு பக்கம் எழுதி நீக்கினேன். என் மனப் போராட்டம். படிக்க நன்றாக இருந்தது, அதனால்தான் நீக்கினேன்.]

"இல்ல," என்றேன். "நானே குடுத்தேன். அதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் சும்மா நின்னேன். திறக்காதேன்னு ரோக்கோ சொன்னார்."

ரோக்கோவின் காது சிவந்தது. "நான் பயந்துட்டேன்," என்றார், ஹெதரிடம் இல்லை, மேசையிடம். "போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் செத்தான். நான் பயந்துட்டேன்." அவரை வில்லனாக எழுதிய பிரதி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அது இதைவிட விறுவிறுப்பானது.

ஹெதர் ஆம்புலன்ஸ் குறிப்பை எடுத்தார். குளிர வைக்காமல் இருந்திருந்தால் அவன் உயிரோடு வந்து சேர்ந்திருக்கமாட்டான் என்று அதில் இருந்தது. வோட்டாசியின் மேல் நடவடிக்கை இல்லை. பொய் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக என் வேலை போனது. நியாயம்தான். அடுத்த மாதமே ரோக்கோவும் மாற்றப்பட்டார்.

ஹெதர் வோட்டாசியிடம் இன்னொன்றும் சொன்னார். "டவுன் முதியோர் இல்லத்துல ஆள் கேட்கிறாங்க. மணிக்கு முப்பத்து மூணு. உங்களைச் சிபாரிசு செய்யவா?"

"நர்ஸாவா?"

"பணிப்பெண்ணா. நர்ஸ்னா இங்க பதிவு வேணும், பரீட்சை வேணும், ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"அப்ப மாத்திரை குடுக்கக் கூடாது."

"கூடாது."

"யாராவது சரிஞ்சா?"

ஹெதர் ஆம்புலன்ஸ் குறிப்பைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார்.

அதே வாரம் போர்ட் விலாவிலிருந்து அவளுடைய பழைய தலைமை நர்ஸ் பேசியிருந்தார். வார்டில் இன்னும் இரண்டு பேர் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்விட்டார்கள், நாற்பது படுக்கைக்கு ஒருத்தி நிற்கிறாள், அதே சம்பளம்தான், வருகிறாயா என்று. திங்கட்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

காரில் வரும்போது வோட்டாசி சொன்னாள்: "உனக்கு வேலை இல்ல. எனக்கு ரெண்டு வேலை. யார்தான் பாவம் இதுல?"

8

அவள் முடிவெடுத்தாள். எனக்குத் தெரியும்.

நேற்று இதுவரை எழுதியதைத் தொலைபேசியில் அவளுக்கு, அவள் மொழியில், வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதிக்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்: நடந்தது ஒன்று, நடக்காதது ஒன்று. எது வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலேயே இருந்துட்டேன்னு எழுதினா, வார்டை விட்டுட்டுக் காசுக்குப் போனவள்னு சொல்லுவாங்க. ஊருக்குத் திரும்பிட்டேன்னு எழுதினா, எவ்வளவு நல்லவ பாருன்னு நாலு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மத்தப் பொண்ணுங்க ஏன் திரும்பலன்னு கேப்பாங்க. எனக்கு மூணு பிள்ளைங்க குகா. அந்தக் கணக்கை நான் போட்டுட்டேன். படிக்கிறவங்க என் கூலியை நிர்ணயம் பண்ண வேண்டாம்."

"அப்ப எப்படி முடிக்க?"

"கல்தாவ் பிழைச்சான். கூரை போட்டான். அதோட நிறுத்து."

அவள் பின்னால் எங்கோ அழைப்பு மணி அடித்தது. படுக்கையோரத்துப் பொத்தானை யாரோ அழுத்தினால் அடிக்கும் மணி. முதியோர் இல்லத்திலும் அது உண்டு. நாற்பது படுக்கை வார்டிலும் உண்டு.

"வச்சிடறேன்," என்றாள். "கூப்பிடறாங்க."

எங்கிருந்து கூப்பிட்டார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் செருப்பு வேகமாகப் போகும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும்தான் என்னிடம் இருக்கிறது.